ஒரு வகுப்பிற்கு இரண்டு ஆசிரியர்கள்

பார்வை குன்றிய பிள்ளையும், செவிப்புலன் குறைந்த பிள்ளையும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பயில வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு இதனை வற்புறுத்தியது. 1974ஆம் ஆண்டில் மத்திய அரசு இதற்கெனத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்விக்கூடங்கள் இவ்வாறு கற்பிக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பினை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுகளின்மீது சுமத்தியுள்ளது.

ஆயினும், வகுப்பில் அமர்வது வேறு. வகுப்போடு பயில்வது வேறு. நாற்பது பேருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், கரும்பலகையை வாசிக்க இயலாத ஒருவனுக்காக எத்தனை முறை நின்று திரும்பக்கூடும்? அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் அருகில் இன்னொருவர் வேண்டும். அவ்வின்னொருவரே சிறப்பாசிரியர். இருவரும் ஒன்றாகத் திட்டமிட்டு, ஒரே வகுப்பில், எல்லா மாணாக்கருக்கும் பொறுப்பேற்று நடத்துவதே இணைந்து கற்பித்தல் எனப்படுவது.

ஐந்தாம் வகுப்பில் பின்னக்கணக்கு நடைபெறுவதாகக் கொள்வோம். வகுப்பை இரு பாதியாகப் பிரித்து, இருவரும் ஒரே பாடத்தைத் தனித்தனியே நடத்தலாம். இருபது பேர் முன் நிற்பவருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். அல்லது ஒருவர் பலகையில் கணக்கை விளக்க, மற்றவர் காகிதத்தை மடித்தும் வெட்டியும் காலும் அரையும் கையில் தொட்டறியச் செய்யலாம். பார்வை குன்றிய பிள்ளைக்கென எண்ணி மடித்த அக்காகிதம், கண் நன்கு தெரிந்தும் கணக்குப் புரியாதிருந்த ஐந்தாறு பேருக்கும் வழிகாட்டும். அமெரிக்கக் கல்வியறிஞர்களான மர்லின் ஃபிரெண்ட், லின் குக் ஆகிய இரு அம்மையார்கள் இம்முறையை ஆறு வகையாகப் பகுத்துள்ளனர். அவற்றையெல்லாம் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

ஓர் அபாயத்தை மட்டும் கூறியாக வேண்டும். சிறப்பாசிரியர் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்து, பாடத்தைக் காதோடு காதாக ஓதிக்கொண்டிருப்பாராயின், வகுப்பிற்குள்ளேயே இன்னொரு வகுப்பு உண்டாகிவிடும். ஏனைய மாணாக்கர் அப்பிள்ளையை நம்மில் ஒருவன் என்று எண்ணார். இருவரும் முன்கூட்டிக் கலந்து பேசப் பள்ளி நேரம் ஒதுக்காவிடில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட கவலையொன்றும் உண்டு. இல்லத்தில் 'முக்கால்' என்றால் உடனே மூன்று துண்டு தோசையைப் பிரித்துக் காட்டும் பிள்ளை, பள்ளியில் 'தீன் சௌதாயீ' என்றதும் விழிக்கிறது. இது மொழிப் பழக்கமின்மையா, கற்றற் குறைபாடா? ஒற்றை ஆசிரியர் அவசரத்தில் இரண்டாவது முடிவிற்கு வந்துவிடக்கூடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. உண்மையிலேயே காது மந்தமான பிள்ளையை, 'இந்தி வந்துவிட்டால் சரியாகிவிடும்' என்று பெற்றோரே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவர். ஒருவர் நடத்தும்போது மற்றவர் அமைதியாகக் கவனித்துக் குறிப்பெடுக்கும் வகுப்பில் இவ்விரு பிழைகளும் விரைவில் வெளிப்படும். தமிழில் கேட்டால் விடை வருகிறதா என்பதைப் பெற்றோர் ஆசிரியரிடம் சொல்லுதல் பேருதவியாகும்.

தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணாக்கர் 10 பேருக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டுமென்று மத்திய அரசு 2022இல் விதித்தது. நடைமுறையில், பல பள்ளிகளுக்கு ஒரே சிறப்பாசிரியர் முறைவைத்துச் சென்று வருவதும் உண்டு. அவ்வாறாயின் அவர் எந்நாட்களில் வருகிறார், வகுப்பினுள் நடத்துகிறாரா, பிள்ளையை வெளியே அழைத்துச் செல்கிறாரா என்று கேட்டறிய வேண்டும். ஊர் மாற்றம் வந்தால் மருத்துவச் சான்றிதழை மீண்டும் பெறவேண்டுமோ என அஞ்ச வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்தில் முறையாகப் பெற்ற மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நாடெங்கும் செல்லும்.