கிணறு 3 மீட்டர் ஏறினால் எத்தனை குடம்?

ஒத்தக்கடைப் பக்கம் போனால் யானைமலை கண்ணில் படாமல் போகாது. அதே மாதிரிக் கடும்பாறைதான் மதுரை நகரத்துக்கு அடியிலும் இருக்கிறது. அப்புறம் போர்வெல்லில் தண்ணீர் எப்படி வருகிறது? பாறையின் மேற்பகுதி காலங்காலமாக மக்கி உதிர்ந்து கிடக்கிறது. அதற்கும் கீழே வெடிப்புகள். மழைநீர் இறங்கித் தங்குவது இவற்றில்தான்.

எவ்வளவு இறங்கியது என்பதைக் கிணற்றிடம்தான் கேட்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு 4 முறை கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் பார்க்கிறது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடுவார்கள். வெளியே எடுத்தால், தண்ணீர் தொட்ட இடம் வரை சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். எளிமையான வேலை, ஆனால் படு துல்லியம்!

மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அது ஓய்ந்ததும் மட்டம் 3 மீட்டர் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர கிலோமீட்டரில் 300 கோடி லிட்டர் சேர்ந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். அந்த 3 மீட்டரில் பெரும்பகுதி பாறை. நீர் தரும் இடம் 100-க்கு சுமார் 2 பங்குதான். ஆக, 6 கோடி லிட்டர். மழைக்காலத்தில் மோட்டார் போட்டு எடுத்த தண்ணீரையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு மழையளவை வைத்துச் சரிபார்ப்பார்கள்: இந்த மாதிரிப் பாறைநிலத்தில், பெய்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும்.

ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால், 6 கோடி லிட்டர் சுமார் 1,200 பேருக்கு ஒரு வருஷம் வரும். மதுரையில் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அதைப்போலப் பல மடங்கு பேர் குடியிருக்கிறார்கள்!

ஆற்று மணல் கதை வேறு. அதில் 100-க்கு சுமார் 16 பங்கு நீர் கிடைக்கும். கோச்சடை, மணலூர்ப் பக்கம் வைகைப் படுகையில் கிணறு தோண்டி நகரத்துக்குத் தண்ணீர் எடுத்தது சும்மா இல்லை. மணலை அள்ளினால் அந்த 16 பங்கும் லாரியேறிப் போய்விடும்.

உங்கள் தெருவில் திறந்த கிணறு இருக்கிறதா? பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஐப்பசிக்கு முன்னும் மார்கழியிலும் அளந்து பாருங்கள். பாறைநிலத்துக்கான அந்த 100-க்கு 2 பங்கு கணக்கில், ஏறிய மீட்டரை 20-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு அடியில் சேர்ந்த லிட்டர் தெரியும். 3 மீட்டருக்கு 60 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 4 குடம்.