பூனையின் முகத்தில் பொருக்கா? விரட்டுமுன் சிந்திப்போம்

அடுப்பங்கரையில் நம் காலைச் சுற்றிவந்த பூனையின் முகத்தில் ஒருநாள் மஞ்சள் நிறப் பொருக்குகள் தோன்றுகின்றன. காதுமடல், மூக்கு, கண்ணோரம் எனப் பரவி, நகக்கண்களிலும் சீழ் கட்டுகிறது. “சொறி பிடித்துவிட்டது, பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்” என்று அஞ்சி, அதனைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருகிறோம். அதற்குமுன் நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

எல்லாப் பொருக்கும் தொற்றுநோய் அன்று. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே தன் தோலைப் பகையெனக் கருதித் தாக்குவதும் உண்டு. பூனைகளிடம் இவ்வகையில் மிகுதியாகக் காணப்படுவது ‘பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்’ என்னும் நோய். தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்பு இதனால் அறுபடுகிறது; அவ்விடத்தில் சீழ்க்கொப்புளம் எழுந்து, விரைவில் உடைந்து பொருக்காகிறது. இந்நோய் மனிதருக்கோ பிற பூனைகளுக்கோ பரவுவதில்லை.

ஆயினும், கண்ணால் கண்ட அளவில் நாமே முடிவு கட்டலாகாது. மனிதரையும் பற்றக்கூடிய படர்தாமரையும், சிற்றுண்ணிகளால் வரும் சொறியும் ஏறத்தாழ இதே தோற்றம் தரும். எனவே, உண்மை தெரியும்வரை பூனையைத் தனியே வைத்துப் பேணி, தொட்டபின் கை கழுவுவது நன்று. கால்நடை மருத்துவர் முதலில் பூஞ்சையும் உண்ணியும் உள்ளனவா என ஆராய்வார். பின்னர் கொப்புளத்தின் சீழை நுண்ணோக்கியில் பார்ப்பார். பிணைப்பிழந்து உருண்டு திரண்ட தோலணுக்கள் அதில் தென்படின் ஐயம் வலுக்கும். தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்வார். அச்சோதனைக்குமுன் பொருக்கைத் தேய்த்துக் கழுவலாகாது. நோயைக் காட்டும் சான்று அப்பொருக்கிலேயே இருக்கிறது.

சிகிச்சையில் முதன்மையானது பிரட்னிசோலோன் மாத்திரை. தொடக்கத்தில் கூடிய அளவில் கொடுத்து, புண் ஆறியபின் சிறிது சிறிதாகக் குறைப்பர். அது போதாதபோது சைக்ளோஸ்போரின், குளோராம்புசில் போன்றவை துணைசெய்யும். நாய்களுக்குத் தரப்படும் அசாதயோப்ரின் பூனைக்கு ஆகாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமாலோ பூனையின் உயிரையே குடித்துவிடும். மேலே பூசும் எண்ணெயும் களிம்பும்கூட, பூனை உடலை நக்குவதால் வயிற்றுக்குள் சென்றுவிடும்.

புண் ஆறிற்றென்று மருந்தைத் திடீரென நிறுத்துவதே நாம் செய்யும் பெரும் பிழை. நோய் மீண்டும் தலைதூக்கும். பல பூனைகளுக்கு நெடுங்காலம், சிலவற்றிற்கு வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும். மருந்தால் நீரிழிவு வரக்கூடும். மிகுந்த தாகம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வாய் பேசாத உயிர் அது. சாக்கைத் தேடுமுன் மருத்துவரைத் தேடுவோம்.