பிசான வயலில் பறவைக் காவல்

பிசானப் பருவத்தில் தாமிரபரணிப் பாசன வயல்களுக்குப் பறவைகள் கூட்டமாக வரும். நாங்குநேரி வட்டம் கூந்தன்குளத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்து சேரும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளத்தின் பறவைகளை, அதற்கு முன்பிருந்தே ஊர் மக்கள் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த வண்டல் அவர்களின் நிலத்துக்கு நல்ல எருவாகிறது. அந்த மனப்பான்மை நம் வயலிலும் வேண்டும்.

"பறவைகள் நெல்லைத் தின்றுவிடுமே?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. எல்லாப் பறவையும் நெல் தின்பதில்லை. கரிச்சான் குருவி (இரட்டைவால் குருவி) பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குருத்துப்புழு, இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் தாய்ப்பூச்சி இந்த அந்துப்பூச்சியே. கொக்கும் மைனாவும் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் பொறுக்கும். இரவில் கூகை எலி பிடிக்கும். இதைச் 'சாக்குருவி' என்று அஞ்சி விரட்டுவது நமக்கே நட்டம். கூகை போனால் எலிக்குக் கொண்டாட்டம்.

செய்ய வேண்டியவை:

1. நடவு முடிந்து பயிர் வேர் பிடித்ததும், ஏக்கருக்கு 15 முதல் 20 தாங்கிக் கம்புகள் ஊன்ற வேண்டும். கம்பின் உச்சியில் ஒரு குறுக்குக் கட்டை கட்டினால் போதும். பயிரைவிட ஓரிரு அடி உயரமாக இருக்கட்டும். தென்னை மட்டை, சவுக்குக் கம்பு எதுவும் உதவும்.

2. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் கம்புகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கு அவை இருக்கையாகிவிடும். எலித் தொல்லை உள்ள வயலில் கூகைக்காக மாலையில் ஊன்றி, காலையில் எடுத்துவிடலாம்.

3. வரப்புகளைக் குறுக்கி, எலி வளைகளை வெட்டி அழிக்கவும். கதிர் வருமுன்பே கிட்டி வைத்துப் பிடிக்கவும். விஷம் வைத்தே ஆக வேண்டுமெனில், செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்கவும். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் மடியும்.

4. பறவைகளைக் கொல்ல விஷம் கலந்த தானியம் தூவக் கூடாது. குருணை மருந்தைத் திறந்த வரப்பில் சிந்தவும் கூடாது.

5. குளத்துக் கருவேல மரங்களில் கூடு இருக்கும் காலத்தில் கிளை வெட்ட வேண்டாம்.

தாங்கிக் கம்புக்குச் செலவு அதிகமில்லை. பூச்சி பெருகும் ஆண்டில் இதனால் மட்டும் தப்பிவிடலாம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மருந்துத் தெளிப்பைக் குறைக்க இது துணை செய்யும். இந்தப் பிசானத்தில் ஒரு வயலிலாவது ஊன்றிப் பாருங்கள்.