டிராக்டரின் பின்னால் ஒரு கை

தாம்பரத்தில் சாலையோரம் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தால், பள்ளிச் சிறுவன் முதல் பணி ஓய்வு பெற்ற பெரியவர் வரை ஐந்து நிமிடம் நின்று பார்க்காமல் போவதில்லை. பெயரைக் கேட்டால் எல்லோரும் "ஜே.சி.பி." என்பர். அது இயந்திரத்தின் பெயரன்று. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் 1945-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். 1979-இல் அரியானாவின் பல்லப்கரில் அதன் ஆலை வந்தது. நாளடைவில் நம் நாட்டில் பெயரே பொருளாகிவிட்டது. பின்புறம் நீண்டு, மடங்கி, தன்னை நோக்கி மண்ணை வாரும் அந்தக் கைக்குப் 'பேக்ஹோ' என்று பெயர். அந்தக் கையை மட்டும் தனியே வாங்கிச் சிறு டிராக்டரின் பின்னால் பொருத்தலாம். எப்படிப்பட்டதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இயற்பியல் மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். முடிச்சூரில் இருக்கும் என் தாய்மாமன், அத்தையின் நகைகளை அடகு வைத்து அந்தக் கையை வாங்கப் புறப்பட்டதுதான் காரணம்.

மாமாவிடம் 24 குதிரைசக்தி கொண்ட சிறு டிராக்டர் ஒன்று உண்டு. படப்பைப் பக்கம் உழவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயல்கள் மனைகளாக மாற மாற, வேலை குறைந்தது. ஆனால் பள்ளம் தோண்டும் வேலை குறையவில்லை. மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த பிறகு, வடிகால் என்ற சொல்லுக்கே புது மதிப்பு வந்துவிட்டது. ஏழரை டன் எடையும் ஏழடிக்கு மேல் அகலமும் உள்ள பெரிய இயந்திரம் எங்கள் சந்துகளில் திரும்பாது. மாமாவின் டிராக்டரை நான் அளந்தபோது அகலம் நான்கடி கூட வரவில்லை.

உண்மையில் இந்தக் கை தனிப் பொருளாகத்தான் முதலில் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெய்ன்-ராய் என்ற நிறுவனத்தார், முழுதும் ஹைட்ராலிக் முறையில் இயங்கும் கையை ஃபோர்டு 8என் டிராக்டரில் பொருத்தி, 1948-இல் கனெக்டிகட் மின்சார நிறுவனத்துக்கு 705 டாலருக்கு விற்றார்கள். பாம்ஃபோர்டின் 1953-ஆம் ஆண்டு இயந்திரமும் ஃபோர்ட்சன் மேஜர் என்ற உழவு டிராக்டரின்மேல் அமைந்ததே. இன்று கோயம்புத்தூரிலும் டிராக்டருக்கான கைகளைச் செய்கிறார்கள். ஆகவே மாமாவின் ஆசை விபரீதமானதன்று. அவர் தேர்ந்த அளவுதான் விபரீதம்.

"அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, மாப்பிள்ளை? எட்டடி தோண்டுறதையே வாங்கிடுவோம்" என்றார் மாமா.

"மாமா, நாம தோண்டப் போறது குழாய்ப் பள்ளமும் மழைநீர்க் குழியும்தானே? மூணடியிலிருந்து ஆறடிக்குள்ள முடிஞ்சிடுமே" என்றேன். அவர் ஒப்பவில்லை. எனவே டிராக்டரை எடை மேடைக்கு ஓட்டிச் சென்றோம்.

முதலில் முழு டிராக்டரையும் நிறுத்தினோம்: 800 கிலோ. பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம்: 320 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். இனி நம் பள்ளிக்கூட நெம்புகோல்தான். பின் அச்சே தாங்குபுள்ளி. முன்னால் இருக்கும் எடையின் திருப்புத்திறன் 320-ஐ 1.5-ஆல் பெருக்க, 480. எட்டடிக் கையின் எடை 350 கிலோ; அதன் எடை மையம் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அமைகிறது; ஆக 350. மீதம் 130. அதை 1.5-ஆல் வகுத்தால், முன்சக்கரத்தில் நிற்பது வெறும் 87 கிலோ! மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும் என்பது பொது விதி. 1,150 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு 230 கிலோ. மேம்பாலச் சரிவில் ஏறும்போது இந்த டிராக்டர் ஓட்டுநர் சொல்வதைக் கேட்காது. இதைச் சரிசெய்ய, முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் சுமார் 130 கிலோ இரும்பு தொங்கவிட வேண்டும். அந்தச் சுமையை முன் அச்சு தாங்குமா என்பது வேறு கேள்வி. ஆறடிக் கைக்கோ எடை 260 கிலோ, தூரம் 0.9 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் முன்னால் 164 கிலோ நிற்கிறது. 50 கிலோ எடைக்கட்டி போதும்.

"இரும்பு கடையில இரும்பு வாங்கியே காசு தீர்ந்துடும் போலிருக்கே" என்றார் மாமா. ஆறடி முடிவாயிற்று.

அடுத்து பலம். 'எங்கள் கைக்கு அதிக இழுவை' என்று விற்பவர்கள் பெருமை பேசுவர். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ அழுத்தம் என்றால், சிலிண்டர் தள்ளுவது ஏறத்தாழ 4 டன். பக்கெட்டின் பல்லுக்கு வரும்போது நெம்புகோலின் நீளத்தால் அது நான்கில் ஒன்றாகக் குறைந்தாலும் ஒரு டன் இருக்கும். டிராக்டரும் கையும் சேர்ந்தே ஒரு டன்தான். இதற்குமேல் பலம் கூடினால் மண் டிராக்டரிடம் வராது. டிராக்டர் பள்ளத்துக்குப் போகும். கையை அதன் வலிமையால் அளப்பது தவறு. அதைத் தாங்கி நிற்கும் உடலால் அளக்க வேண்டும்.

தாங்குவது என்றதும் பொருத்தும் முறை வருகிறது. இதுவே கட்டுரையின் உயிர்நிலை என்பேன். கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பிலேயே கையை மாட்டுவது ஒரு முறை. விலை குறைவு, அரை மணியில் மாட்டலாம். ஆனால் அந்த இணைப்பு, கலப்பையைத் தூக்கவும் இழுக்கவும் ஏற்பட்டது. பெரும்பாலான டிராக்டர்களில் அதன் கீழ்க்கைகள் மேல்நோக்கித் தடையின்றி எழும். பக்கெட் கடினமான தரையை அழுத்தும்போது, கை முழுவதும் மேலே கிளம்பி டிராக்டர் பக்கம் மடியக்கூடும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர்! மேலும், சிறு டிராக்டருக்கு லாரியைப் போலத் தனி சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் பெட்டி, கியர் பெட்டி ஆகிய வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று போல்ட்டால் இணைத்ததே அதன் முதுகெலும்பு. வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மாமாவின் நண்பர் ஒருவர் இப்படி மாட்டி ஒரு பருவம் ஓட்டினார். டாப் லிங்க் பிடிக்கும் இடத்தில் மயிரிழை போல் எண்ணெய் கசிந்தது. பெயிண்ட் என்று நினைத்தார். பின்பக்கக் கூடு விண்டிருந்தது. கை வாங்கியதில் மிச்சம் பிடித்த தொகையைப் போல் இருமடங்கு பழுது பார்ப்பதில் போயிற்று. அவர் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை என்பதே ஆறுதல்.

மற்றொரு முறை துணைச்சட்டம். டிராக்டரின் அடியில் இருபுறமும் பின் அச்சிலிருந்து முன்பக்கம் வரை ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்கள். கையின் விசை அவற்றின் வழியாகப் பரவுவதால், ஒரே இடத்தில் முதுகு ஒடிவதில்லை. சட்டத்தின் எடை அச்சுகளுக்கு நடுவே அமைவது கூடுதல் நன்மை. நாங்கள் இதையே வாங்கினோம்.

பொருத்த ஒரு நாள் முழுதும் ஆயிற்று. கான்கிரீட் தரையில் டிராக்டரை நிறுத்தி, கீழ்க்கைகளைக் கழற்றி, சட்டங்களை ஜாக்கியில் ஏற்றி, டிராக்டரிலேயே உள்ள மறைத் துளைகளில் மட்டும் போல்ட் போட்டோம். ஒரு துளை சிறிது விலகியிருந்தது. "இதுல ஒரு வெல்டிங் வெச்சுடலாமே அண்ணே" என்றான் உதவிக்கு வந்த பையன். மெக்கானிக் அண்ணன் அவனை முறைத்த முறைப்பு என் கண்ணிலேயே நிற்கிறது. வார்ப்புக் கூட்டில் வெல்டிங் வைப்பதும் புதுத் துளை போடுவதும் கூடாது. சட்டத்தின் தாங்கு தகட்டை லேத்துக்கு அனுப்பித் துளையைத் திருத்தி வந்தோம். உயர் இழுவிசை போல்ட்டுகளை, முறுக்களவு காட்டும் ஸ்பேனரால்தான் இறுக்க வேண்டும்; கைக்கணக்கு உதவாது.

ஹைட்ராலிக் எண்ணெய்க்கு இரு வழிகள். டிராக்டரின் சொந்தப் பம்பிலிருந்தே எடுக்கலாம்; அல்லது நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டில் தனிப் பம்பும் தனித் தொட்டியும் வைக்கலாம். நிமிடத்துக்கு 20 லிட்டர் கிடைத்தால், நான் சொன்ன சிலிண்டர் விநாடிக்கு 12 சென்டிமீட்டர் நகரும். எங்களுக்கு அது போதும். சொந்தப் பம்பே அதைக் கொடுத்ததால் செலவு மிச்சம். ஹோஸ்களை மாட்டும்போது தூசி நுழையாமல் பார்ப்பது முக்கியம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றினோம்.

பக்கெட்டின் அகலத்தை மண்தான் முடிவு செய்கிறது. முடிச்சூர்ப் பக்கத்து ஏரிக்களிமண் அகல பக்கெட்டில் அப்பிக்கொண்டு கொட்டாது. பல்லாவரம் பக்கமோ செம்மண் சரளை. அதன் கீழ் கல். சாதாரணக் கல்லன்று. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் அது; 1893-இல் ஹாலண்டு என்ற நிலவியலார் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். அந்தச் சரளையில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பக்கெட் போடும்போதெல்லாம் நானும் குனிந்து பார்க்கிறேன், இதுவரை ஓட்டாஞ்சல்லிதான். 12 அங்குல பக்கெட்டும், கழற்றி மாற்றக்கூடிய பற்களும் எங்களுக்குச் சரியாக அமைந்தன.

முதல் வேலை இரும்புலியூரில் ஒரு வீட்டு மழைநீர்க் குழி. மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் விசாரித்து, முதல் இரண்டடியைக் கடப்பாரையால் தோண்டிப் பார்த்துவிட்டே கையை இறக்கினார் மாமா. ஊன்றுகால்களின் அடியில் பலகை வைத்தோம். பக்கெட் நிரம்பி மேலே வந்தபோது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தரையை விட்டு எழவில்லை. பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். சோதித்ததில் இரண்டு தளர்ந்திருந்தன. மாமா ஸ்பேனரை என்னிடம் கொடுக்காமல் தாமே படுத்து இறுக்கினார்.