பிடித்த பிரேக் விடவில்லை!

சாத்தூர் சாலையில் புகைந்த பின்சக்கரம்! பழைய கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இருந்து ஒரு குடும்பம் காரில் புறப்படுகிறது. அப்பா கார் ஓட்டுகிறார். பக்கத்தில் தாத்தா. பின்னால் அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். பாட்டியின் மடியில் தேங்காய், பழக்கூடை. எங்கே பயணம்? சாத்தூர் அருகே இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு!

கார் பழையது. வயது பதினைந்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பளபளவென்று இருக்கிறது. என்ஜின் சத்தமும் சீராக இருக்கிறது.

விருதுநகர் தாண்டியாயிற்று. நாலு வழிச் சாலையில் கார் ஓடுகிறது. ஆனால் வழக்கமான வேகம் வரவில்லை. யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கிறது.

"ஆடிக்காற்று அல்லவா? அதுதான்!" என்று அப்பா நினைத்துக்கொள்கிறார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கருகல் நாற்றம்.

"பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கும்" என்கிறார் தாத்தா.

சாத்தூர் வருகிறது. சேவு வாங்குவதற்காகக் காரை நிறுத்துகிறார்கள். அப்போது டீக்கடையில் இருந்து ஒருவர் ஓடி வருகிறார்.

"அண்ணாச்சி! பின்சக்கரத்தில் புகை வருது! பிள்ளைகளை இறக்குங்க!"

எல்லோரும் இறங்கிப் பார்க்கிறார்கள். இடது பக்கப் பின்சக்கரத்தில் இருந்து புகை! சின்னவன் ஆவலோடு சக்கரத்தைத் தொடப் போகிறான். பாட்டி பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். தொட்டிருந்தால் விரல் வெந்திருக்கும்.

என்ன நடந்தது? பிடித்த பிரேக் விடவில்லை. அவ்வளவுதான்!

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இந்த ஆபத்து கற்பனை அல்ல. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள எந்தப் பழைய காருக்கும் இது வரலாம்.

கவ்வும் கருவி

சைக்கிள் பிரேக்கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கைப்பிடியை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரு பக்கமும் கவ்வும். சைக்கிள் நின்றுவிடும்.

காரின் டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதை இரு பக்கமும் கவ்வுகிற கட்டைகளுக்குப் பேடு என்று பெயர். அந்தப் பேடுகளைப் பிடித்து அழுத்துகிற கருவிதான் காலிப்பர்.

டிரைவர் காலால் மிதித்தால், குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டு போகிறது. காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் முன்னே வருகிறது. பேடு டிஸ்க்கைக் கவ்வுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்வாங்க வேண்டும். பேடு பிடியை விட வேண்டும்.

பிடிப்பது பாதி வேலை. விடுவது மறுபாதி. காலிப்பர் கெட்டுப்போனால் பல சமயம் முதலில் கெடுவது இந்த மறுபாதிதான்.

ஒரு லிட்டர் வெந்நீர்!

ஓடுகிற காரை நிறுத்தும்போது அதன் வேகம் எங்கே போகிறது? சூடாக மாறுகிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். காரின் எடை 1,200 கிலோ. வேகம் மணிக்கு 80 கிலோ மீட்டர். அதை ஒரு தடவை முழுவதும் நிறுத்தும்போது உண்டாகும் சூடு சுமார் 3 லட்சம் ஜூல். இந்தச் சூட்டில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு இவ்வளவு! அப்படியானால், பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே 20, 30 கிலோ மீட்டர் ஓடினால் என்ன ஆகும்? டிஸ்க்கின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறும். பேடு கருகும். சக்கரத்தின் பேரிங்கில் உள்ள கிரீஸ் உருகும். டயரும் கெடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பிரேக் ஆயில் கொதிப்பது! டாட் 4 என்ற ரகப் பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். கால் தரை வரை போகும். கார் நிற்காது!

பிரேக் பிடித்துக்கொண்டதில் தொடங்கிய கோளாறு, பிரேக்கே பிடிக்காமல் போவதில் முடியும். விந்தை, ஆனால் உண்மை!

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்தக் காலத்துச் சாலைப் புழுதியில் அது நிலைக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1953-ம் ஆண்டில் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் முதலில் வந்தது. அதன் பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1962-ல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பழைய அம்பாசிடர் கார்களில் இருந்தது டிரம் பிரேக். பின்சக்கரத்தில் டிஸ்க் வைத்த கார்கள் இங்கே பெருகியது பின்னால்தான். அவற்றில் பல இப்போது கிழடு தட்டிவிட்டன. ஆகவே இந்தக் கோளாறும் வருகிறது.

பின்சக்கரம் ஏன்?

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக நான்கு காலிப்பர்கள். அப்படியிருக்க, பின்பக்கக் காலிப்பர் அடிக்கடி சிக்கிக்கொள்வது ஏன்?

பிரேக் போட்டதும் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்பக்கக் காலிப்பருக்கு வேலை குறைவு. உழைக்காத இரும்பு துருப்பிடிக்கும் அல்லவா? அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், புழுதி. முன்சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் பின்சக்கரத்தில் விழுகிறது. சாத்தூர் வட்டாரம் கரிசல் பூமி. வெயிலில் பொடியாகப் பறக்கும். மழையில் பசையாக ஒட்டும். காலிப்பரின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் இலேசில் விடாது.

மூன்றாவது காரணம், ஹேண்ட் பிரேக். பல கார்களில் இது பின்பக்கக் காலிப்பரையே இழுத்துப் பிடிக்கிறது. அதற்கென்று காலிப்பரின் முதுகில் ஒரு சிறிய நெம்புகோலும் ஸ்பிரிங்கும் உண்டு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அந்த நெம்புகோல் இறுகிவிடும். காருக்குள் பிடியை இறக்கினாலும் அது திரும்பாது.

குற்றவாளி யார்?

சக்கரம் சிக்கினால் காலிப்பரையே மாற்றிவிடுவது சிலர் வழக்கம். புதுக் காலிப்பர் விலை அதிகம். உண்மையான குற்றவாளி வேறாகவும் இருக்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் விசாரணை நடத்துவார்.

கார் சமதரையில் நிற்கும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கும். ஹேண்ட் பிரேக் இறக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். இறுக்கமாக இருந்தால் சோதனை தொடங்கும்.

முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிப் பார்ப்பார். சக்கரம் சுற்றினால் குற்றவாளி கேபிள். உள்ளே துருப்பிடித்திருக்கும்.

சுற்றவில்லையா? காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றே திறப்பார். ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். பழைய ரப்பர் குழாய் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும். திரும்பி வர விடாது.

அப்போதும் சுற்றவில்லையா? குற்றவாளி காலிப்பரேதான். அதிலும் மூன்று இடம் உண்டு. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம். ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம். அல்லது முதுகில் உள்ள நெம்புகோல் சிக்கியிருக்கலாம்.

பின்கள் மட்டும் இறுகியிருந்தால் செலவு குறைவு. கழற்றி, சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸைத் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் கூடாது. அது ரப்பரை ஊதவைத்து மறுபடியும் இறுக்கிவிடும். பிஸ்டன் வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் வளையங்கள் அடங்கிய கிட் போடலாம். துரு தின்று குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன் இல்லை. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த பின்பக்கப் பிஸ்டனைப் பல கார்களில் வெறுமனே அமுக்கி உள்ளே தள்ளக்கூடாது. திருகு போலச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். அவசரப்பட்டுக் கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். நல்ல காலிப்பரும் பாழாகும்.

பேடு மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடக்கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பேடுத் தூளை வாயால் ஊதக்கூடாது. சில பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்கு எமன்.

வேலை முடிந்ததும் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஒரு சக்கரத்துக்குப் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். மூன்று பிரேக் போதும். ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால், மழைச் சாலையில் கார் பம்பரமாகச் சுற்றும்.

வழியில் புகை வந்தால்?

நெருப்பைக் கண்டு பயப்பட வேண்டிய வட்டாரம் இது. சாத்தூரைச் சுற்றித் தீப்பெட்டித் தொழில். பக்கத்தில் சிவகாசிப் பட்டாசு. வழியில் சக்கரம் புகைந்தால் காய்ந்த புல், வைக்கோல் மேல் காரை நிறுத்தாதீர்கள். தீப்பெட்டி, பட்டாசு ஏற்றிய லாரிகளுக்கு அருகேயும் நிறுத்தாதீர்கள். வெறுந்தரையில் ஓரமாக நிறுத்துங்கள்.

முதலில் எல்லோரையும் சாலையின் பக்கம் இல்லாத கதவு வழியாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். புகை மட்டும் வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் வெடிக்கும், கோணும். தானாக ஆறட்டும். தீயே பிடித்துவிட்டால் காரைப் பற்றிக் கவலைப்படாமல் விலகி நின்று தீயணைப்புப் படையை அழையுங்கள்.

ஆறிவிட்டது என்று மறுபடியும் ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஓடும்போதே பெடல் தரை வரை போனால்? பதற வேண்டாம். பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சாவியை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பத்து நிமிடம் போதும்

காலிப்பர் சொல்லாமல் கெடுவதில்லை. பெட்ரோல் அதிகம் குடிக்கும். கியரை எடுத்துவிட்டால் கார் உருளாமல் சட்டென்று நிற்கும். ஒரு பக்க டிஸ்க்கில் கோடு விழும். ஒரு பேடு தேய்ந்து, மற்றது புதிதாகவே இருக்கும்.

நீண்ட பயணம் போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். காரை நெடுநாள் நிறுத்தி வைப்பதானால் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சாத்தூரில் நின்ற அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். அம்மனை மாலையில்தான் தரிசித்தார்கள். மூன்று மணி நேரம் தாமதம்.

ஆனால் ஆறு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் திரும்பும்போது பாட்டியின் கூடையில் இரண்டு கிலோ சாத்தூர்ச் சேவும் இருந்தது!