உதவியே ஊறு செய்யுமா?

முதியோர் இல்லம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் தம் சட்டைப் பொத்தான்களை மெதுவாக மாட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பணிப்பெண்ணோ இன்னும் பத்துப் பேரைக் கவனித்தாக வேண்டும். "விடுங்கள் அம்மா, நான் போட்டுவிடுகிறேன்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அன்பான உதவிதான். ஆனால் நாள்தோறும் இப்படியே நடந்தால் என்ன ஆகும்?

இதைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஜெரி ஏவர்ன், எல்லன் லாங்கர் ஆகிய இருவரும் செய்த சோதனை 1982-இல் வெளிவந்தது. இல்லவாசிகள் 72 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். துண்டு துண்டாக வெட்டிய படத்தை ஒன்றுசேர்க்கும் விளையாட்டுதான் சோதனை. முதல் குழுவினருக்குத் துண்டுகளைப் பொருத்தவே உதவினர். இரண்டாம் குழுவினருக்கு வாய்ச்சொல்லால் ஊக்கம் மட்டுமே தந்தனர். மூன்றாம் குழுவினருக்கு இரண்டும் இல்லை.

பின்னர் ஒவ்வொருவரும் தனியே படத்தைச் சேர்த்தபோது, ஊக்கம் பெற்றவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தனர். உதவி பெற்றவர்களோ முன்பு செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை! தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் குறைந்திருந்தது. யாரும் அவர்களைக் கடிந்து பேசவில்லை. கை நீட்டி உதவியதே "உம்மால் ஆகாது" என்று சொன்னது போலாயிற்று.

தன்மதிப்புக் குறைந்தவர் முயல்வதில்லை. முயலாதவரின் தசைகள் மெலிகின்றன. மெலிந்த கால்கள் தடுமாறும்போது தன்மதிப்பு மேலும் குறைகிறது. இந்தச் சுழலை முதுமையின் இயல்பு என்றே பலரும் எண்ணிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி முதுமையால் வருவது. ஒரு பகுதி வெறும் பயன்படுத்தாமையால் வருவது.

அந்த இரண்டாம் பகுதி எவ்வளவு பெரிது என்பதை 1990-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. பாஸ்டன் நகரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோனும் குழுவினரும் காலால் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். மருத்துவர்களின் கண்காணிப்பில் எட்டு வாரம் பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. அதாவது, முன்பிருந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்காயிற்று. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தனர்! சிறிய ஆய்வுதான், ஆனாலும் தொண்ணூறு வயதுத் தசையும் வளரும் என்பதற்கு அது போதும்.

பிறகு பயிற்சியை நிறுத்திப் பார்த்தார்கள். நான்கே வாரத்தில் வலிமை 32 சதவீதம் குறைந்துவிட்டது.