தோசைமாவும் பழஞ்சோறும்

டென்மார்க்கின் மார்கழிக் குளிரில் தோசைமா இலேசில் பொங்காது; ஹீற்றரருகே வைத்துக் காத்திருக்கிறேன். உளுந்தோடு வரும் லக்ரிக் அமில பக்ரீரியாக்கள், முக்கியமாக லியூக்கொனொஸ்ரொக், மாவைப் புளிக்கவைத்து வாயுவால் பொங்கவும் செய்கின்றன. இவ்வகை பக்ரீரியாக்களை 1919இல் விரிவாக வகைப்படுத்தி நூலெழுதியவர் கோப்பன்ஹேகன் பேராசிரியர் ஓர்லா யென்சன்.

'புறோபயோட்டிக்கை எங்கள் பாட்டிமார் அன்றே அறிந்திருந்தனர்' என்று எம்மவர் பெருமை பேசும்போது எனக்குச் சங்கடம். 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர்களின் வரையறைப்படி, அவை போதிய அளவில் உயிரோடு உட்சென்று நன்மை தரவேண்டும். தோசைக்கல்லோ அவற்றைக் கொன்றுவிடுகிறது. (டெனிஷ்காரரின் புளித்த றை மாப் பாணுக்கும் போறணையில் இதே கதிதான்.) எஞ்சுவது புளிப்பும் சுவையும் இலகுவான சமிபாடும், அவையும் சிறிதல்ல.

சூடாக்காமல் குடிக்கும் பழஞ்சோற்றுத் தண்ணீரில்தான் அவை உயிரோடு வருகின்றன. நன்மை அங்கும் தனியே நிறுவப்படவேண்டியதே. ஆனால் அதை விருந்தினர்முன் வைக்கத்தான் நாம் வெட்கப்படுகிறோம்.